ஹோலுக்குள் போன எல்லைக்கோடு

செல்போன்கள் சாவதைப் பார்த்திருந்து நேரம் எழுதுவதுதான் எனக்குத் தந்த முதல் வேலை. தொண்ணூறுகளின் பிற்பகுதி. ரொறொன்ரோ நகரின் விளிம்பில், ஸ்ரீல்ஸ் வீதிக்கு வடக்கே, தரை ஓடு விற்கும் கடை ஒன்றின் பின்னால், செல்போனுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிற சிறிய நிறுவனம் ஒன்று இருந்தது. அதன் கடைசி அறையில் இறாக்கைத் தட்டுகளில் இருபது முப்பது போன்கள் வரிசையாகக் கிடக்கும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தொடாமல், யாரும் அழைக்காமல் விட்டுவிடுவோம். ஒவ்வொன்றும் எத்தனை மணித்தியாலம் உயிரோடு கிடந்தது என்று நான் கொப்பியில் எழுத வேண்டும். எல்லோரும் அதைப் பற்றறி அறை என்றார்கள்.

அதற்கு முன் மூன்று வருடம் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளுக்கு ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் உயர்தரத்தில் பௌதிகம் படித்தவள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்ததை ஒருவர் மட்டும் வாசித்திருக்கிறார். அவர்தான் அந்தப் பகுதியின் தலைமை எஞ்சினியர். உயரமான, மெல்லக் கதைக்கிற வெள்ளைக்காரர். கிழக்கே விட்பி என்ற ஊரிலிருந்து ரயிலில் வந்துபோவார். நானும் என் கணவரும் வீட்டில் அவரை விட்பிக்காரர் என்றே சொல்வோம்.

வேலை தொடங்கி இரண்டு கிழமை கழிந்ததும் அவரிடம் ஒரு கேள்வி கேட்டேன். யாரும் கதைக்காத போன் ஒன்றும் செய்வதில்லை; பிறகு ஏன் அதன் பற்றறி இறங்குகிறது? அவர் என்னை ஒரு மேசைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு போனின் பற்றறியைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு வயர்களைப் பொருத்தியிருந்தார்கள். போன் எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பது பக்கத்துத் திரையில் பச்சைக் கோடாக ஓடியது.

கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. திடீரென்று ஒரு முள் எழுந்தது. மறுபடி தரை. கிட்டத்தட்ட ஒரு செக்கன் கழித்து இன்னொரு முள். மறுபடி தரை.

"தரையில் கிடக்கும்போது அது நித்திரை. முள் வரும்போது கண் விழிக்கிறது" என்றார். "யார் யாருக்கு அழைப்பு வந்திருக்கிறது என்று செல்போன் கோபுரம் பெயர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். போன் ஒரு கணம் கேட்கும். தன் பெயர் இல்லையென்றால் திரும்பவும் நித்திரை."

அது கண்ணை மூடியிருக்கிற நேரத்தில் பெயர் கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அப்படி நடக்காது என்றார். இந்த நேரத்தில்தான் உன்னைக் கூப்பிடுவேன், மற்ற நேரம் நீ தூங்கலாம் என்று கோபுரமும் போனும் முதலிலேயே பேசி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு முறை. முறை தவறுவதே இல்லை.

நான் அந்த மேசையடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தேநீர் ஆறிவிட்டது. இந்த நகரத்தில் எத்தனை சட்டைப் பைகள், எத்தனை கைப்பைகள், எத்தனை கார்கள்; அத்தனைக்குள்ளும் போன்கள் படுத்திருக்கின்றன, தம் தம் முறைக்கு ஒரு கண்ணைத் திறந்து மூடுகின்றன. நாங்கள் இருந்த மல்வேர்னிலிருந்து காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் சனம் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கும். தங்கள் தரிப்பு வரும்போது மட்டும் யாரும் எழுப்பாமலே கண் திறக்கும். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதைச் சொன்னேன். விட்பி ரயிலில் தானும் அப்படித்தான் என்று அவர் சிரித்தார்.

வசந்தம் வந்தபோது புதிய மென்பொருள் ஒன்று தயாரானது. போன்கள் முன்னையதைவிட நீளமாகத் தூங்கும். அதை ஐந்து போன்களில் ஏற்றி, வேலை செய்பவர்களில் ஐந்து பேரிடம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் வைத்து, தொடாமல், எப்போது சாகிறது என்று எழுத வேண்டும். எனக்கும் ஒன்று கிடைத்தது. செல்போன் ஒன்று எங்கள் வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. மல்வேர்னில் பதினோராம் மாடியில் எங்களுடையது மூலை வீடு. படுக்கையறை ஜன்னல் வடக்கே பார்க்கும், குசினி ஜன்னல் தெற்கே. நடுவில் ஹோல். போனை ஹோலில் ரீவிக்கு மேலே வைத்தேன். தட்டுப்படாத இடம் வேறு இருக்கவில்லை.

மற்ற நால்வரின் போன்களும் இரண்டு நாள் தாண்டி இருந்தன. என்னுடையது மறுநாள் மத்தியானத்துக்குள் செத்துவிட்டது.

பற்றறியை மாற்றிப் பார்த்தார்கள். அதே கதை. பிறகு விட்பிக்காரர் தன்னிடமிருந்த சோதனைப் போனை என்னிடம் தந்து என்னுடையதைத் தான் கொண்டுபோனார். விட்பியில் என் போன் இரண்டு நாள் சுகமாக இருந்தது. எங்கள் வீட்டில் அவருடையது மத்தியானத்தில் செத்தது. அப்படியென்றால் பிழை போனில் இல்லை, என் வீட்டில். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ எங்கள் வீட்டில் சுத்தம் போதாது என்று யாரோ சொன்னதுபோல.

கட்டடத்தின் கொங்கிறீட் சிக்னலை மறைக்கும், போன் தவிக்கும் என்று ஒருவர் சொன்னார். ஆனால் ரீவிக்கு மேலே சிக்னல் நன்றாகவே காட்டியது. நான் போனை இடம் மாற்றிப் பார்க்கத் தொடங்கினேன். படுக்கையறை ஜன்னலடியில் இரண்டு நாள். குசினி மேசையில் இரண்டு நாள். ஹோலில் மட்டும் மறுநாள் மத்தியானம். பன்னிரண்டு அடி தள்ளி வைத்தால் உயிர் பிழைக்கிறது. ஏன் என்று தெரியவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

என் கணவர் பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து சாப்பிட்டபடி தமிழ் வானொலி கேட்டுவிட்டுத்தான் படுப்பார். அந்த நாட்களில் தமிழ் வானொலி கேட்பதற்கென்றே தனியான ஒரு ரேடியோப் பெட்டி வாங்க வேண்டும். எங்களுடையது ரீவிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருநாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம், அவர் சொன்னார்:

"உந்த ரேடியோ இடைக்கிடை கரகரக்குது. திருத்தக் குடுக்கோணும்."

"எப்ப துவக்கம்?"

"உம்மட போன் வந்த நாளிலையிருந்து."

அவர் அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. நான் சப்பாத்தை ஒரு காலில் போட்டபடி அப்படியே நின்றேன். எங்கள் பற்றறி அறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. ரேடியோவுக்குப் பக்கத்தில் போன் இருந்து, அந்தப் போன் கோபுரத்தோடு பேசினால், ரேடியோ கரகரக்கும். மணி அடிப்பதற்கு ஒரு கணம் முன்னால் அந்தச் சத்தம் வரும். ஆனால் இந்தப் போனுக்கு யாரும் அழைப்பதே இல்லை. அது கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டியது. பிறகு யாரோடு பேசுகிறது?

அந்தச் சனிக்கிழமை, அவர் நித்திரையானதும், ரேடியோச் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் கொப்பியோடு சோபாவில் இருந்தேன். ஒவ்வொரு கரகரப்புக்கும் ஒரு கோடு. சில நேரம் பத்து நிமிடம் ஒன்றுமே இல்லை. சில நேரம் ஒரு நிமிடத்துக்குள் மூன்று. அரிசி போடும் நேரம் வந்தபோது ஒரு பக்கம் முழுக்கக் கோடுகளாக நிறைந்திருந்தது. பிறகு போனையும் ரேடியோவையும் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சமைத்து முடியும்வரை ஒரே ஒரு கோடு.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்தை விட்பிக்காரர் முன்னால் வைத்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். எப்படி எண்ணினாய் என்று கேட்டார். ரேடியோவைப் பற்றிச் சொன்னேன். கோபுரங்களை நடத்தும் வலையமைப்பு நிறுவனத்திலிருந்து வாங்கி வைத்திருந்த ரொறொன்ரோ வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார்.

வரைபடத்தில் நகரம் நிறம் நிறமாகப் பிரிந்திருந்தது. உனக்கு ஒரு அழைப்பு வந்தால், நீ இருக்கும் நிறத்திலுள்ள கோபுரங்கள் எல்லாம் சேர்ந்து உன் பெயரைக் கூப்பிடும் என்று விளக்கினார். ஒரு நிறத்துக்குள் நீ எங்கே திரிந்தாலும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு நிறத்திலிருந்து மற்ற நிறத்துக்குப் போனால், நான் இங்கே வந்துவிட்டேன் என்று போன் வாய் திறந்து சொல்ல வேண்டும். கேட்பது ஒரு சிரட்டை தண்ணீர் என்றால் சொல்வது ஒரு வாளி.

என் விலாசத்தைக் கேட்டார். வீதியைத் தேடி விரலை வைத்தார். நீலமும் மஞ்சளும் சந்திக்கும் கோடு மேற்கேயிருந்து மல்வேர்னுக்குள் நுழைந்து, அவருடைய விரலுக்குக் கீழே போனது. எங்கள் கட்டடத்துக்கு மேலே.

வீட்டுக்கு வந்து கணவருக்குச் சொன்னேன். எங்கள் ஹோலின் வடக்குப் பக்கம் ஒரு நிறம், தெற்குப் பக்கம் இன்னொரு நிறம், ரீவி நடுவில் இருக்கிறது என்று. அவர் சாப்பிட்டபடி யோசித்தார்.

"அப்ப கோட்டைக் கடக்கேக்கையெல்லாம் பதியோணும். சண்டைக் காலத்திலை கொழும்புக்கு வந்த தமிழர் நாங்கள் பொலிஸிலை பதிஞ்ச மாதிரி."

"அது கடக்கேல்லை. ரீவிக்கு மேலை சும்மா கிடக்குது."

"அதுதான் பாவம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை காலை விட்பிக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வலையமைப்பு நிறுவனத்திலிருந்து ஒரு பெண்ணும் கூட வந்தார். மடிக்கணினியும் ஒரு பை நிறைய வயர்களும் கொண்டுவந்திருந்தார். நான் ரேடியோவை மெல்லப் போட்டு, ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இருக்கவில்லை. அசையாத போன் ஒன்று எல்லை கடக்க முடியாது என்று ஏற்கனவே சொல்லியிருந்தாராம். சோபாவில் இருந்து கணினியைத் திறந்தார். திரையில் இரண்டு பட்டைகள். நீலம் வடக்கே மில்லிக்கன் பக்கத்துக் கோபுரம். மஞ்சள் தெற்கே நெடுஞ்சாலைப் பக்கத்துக் கோபுரம்.

பட்டைகள் ஒரு கணம்கூடச் சும்மா இருக்கவில்லை. மூச்சு வாங்குவதுபோல நீலம் ஏறி இறங்கியது, மஞ்சள் ஏறி இறங்கியது. எங்கள் ஹோலில் ஒன்றுமே அசையவில்லை. வெளியே லிஃப்ற் போகும், கீழே லொறி போகும், மரங்கள் ஆடும், எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்துத்தான் இது வருகிறது என்று அந்தப் பெண் சொன்னார். நான் அவ்வளவு காலம் வெறும் காற்று என்று நினைத்திருந்த இடம் அது. அதற்குள் இவ்வளவு நடந்துகொண்டிருந்திருக்கிறது.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டுக் கணவர் எழும்பி வந்துவிட்டார். கட்டியிருந்த சாரத்தோடு, நித்திரைக் கண்ணோடு, வந்தவர்களுக்குத் தலையாட்டிவிட்டு, பல்கனிக் கதவைத் திறக்க ஹோலைக் கடந்து நடந்தார். நீலப் பட்டை விழுந்தது. மஞ்சள் மேலே நின்றது. ரேடியோ கரகரத்தது.

அந்தப் பெண் கையை உயர்த்தினார். எல்லோரும் அப்படியே நின்றோம். திரும்பி நடக்கச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நடந்தார். நீலம் மேலே வந்தது. ரேடியோ கரகரத்தது. மூன்று தரம் அவரை நடக்கவிட்டார்கள். மூன்று தரமும் போன் பக்கம் மாறியது. விட்பிக்காரர் போனின் வயர்களில் பொருத்தியிருந்த கருவியில், கேட்கும் முட்களுக்கு நடுவே, ஒவ்வொரு தடவையும் பனைமரம் போல ஒரு கோடு எழுந்தது.

"நான் குறுக்கை போறது உதுக்குத் தெரியுமோ?" என்று கணவர் என்னிடம் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். அதற்கு உங்களைத் தெரியாது என்றார் அந்தப் பெண். மனித உடம்பில் பெரும் பங்கு தண்ணீர்; நீங்கள் நடுவில் நின்றால் உங்களுக்குப் பின்னாலிருக்கும் கோபுரம் கொஞ்சம் மங்குகிறது, அவ்வளவுதான்.

அவர் தன் கையை ஒருதரம் திருப்பிப் பார்த்தார். பல வருடங்களாக மாவும் சூடும் பட்டு வரண்ட கை.

"நான் மறைக்கிறன்" என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல. அவருடைய முகத்தில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கோ தெரியாத இடத்தில் நிற்கும் ஒரு கோபுரத்துக்கு முன்னால் தான் நிற்பது ஒரு கணக்கில் சேரும் என்று அவர் நினைத்திருக்கவே இல்லை. நானும்தான்.

அந்தப் பெண் பிறகு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டார். போகும்போது, தான் நினைத்தது பிழை என்று என்னிடமே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை அவர் விட்பிக்காரருக்கு அழைத்து விபரம் சொன்னார். ஒவ்வொரு எல்லையிலும் ஒரு எண் இருக்கிறது. அது ஒருவகைப் பிடிவாதம். மற்றப் பக்கம் கொஞ்சம் பலமாக இருக்கிறதென்பதற்காக உடனே மாறாதே, நன்றாகப் பலமாக இருந்தால் மட்டும் மாறு என்று போனுக்குச் சொல்லும் எண். எங்கள் கோட்டில் அந்த எண் பூச்சியமாகவே கிடந்திருக்கிறது. யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒருவருக்கும் தோன்றவில்லை. அதை மாற்றுவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், கிழமைகள் ஆகும் என்றார்.

எப்போது மாற்றினார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் போனை ரீவிக்கு மேலேயே வைத்து ஒவ்வொரு நாளும் எழுதி வந்தேன். ஒரு புதன்கிழமை ஐந்து மணிக்கு வேலையால் வந்தேன். முதல்நாள் காலை சார்ஜிலிருந்து எடுத்து வைத்த போன் அது. செத்திருக்க வேண்டும். பற்றறிப் படத்தில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு நிறைந்திருந்தது. போட்டிருந்த குளிர்ச் சட்டையைக் கழற்றாமலே சோபாவில் இருந்தேன். ரேடியோவில் மரண அறிவித்தல்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு சேலைக் கடை விளம்பரம். பிறகு செய்தி. ஒரு இடத்திலும் கரகரப்பு இல்லை.

கணவர் குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, ரேடியோவைத் திருத்தக் கொடுத்தேனோ என்று கேட்டார். இல்லை என்றேன். அவரும் வந்து பக்கத்தில் இருந்தார். இருவரும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தமில்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எனக்கு அந்த வரைபடம் கண்ணுக்குள் வந்தது. கோடு எங்கள் ஹோலில் தொடங்கி எங்கள் ஹோலில் முடிகிற கோடல்ல. மேற்கேயிருந்து எத்தனையோ மைல் நீளத்துக்கு, வரிசை வீடுகளுக்குள்ளால், கடைகளுக்குள்ளால், மாடிக் கட்டடங்களுக்குள்ளால் போகிறது. அந்தக் கோட்டின் மேல் எத்தனை பேருடைய போன் ஒவ்வொரு நாளும் மத்தியானத்தில் செத்திருக்கும். பற்றறி கூடாதென்று கடைக்காரரோடு சண்டை பிடித்திருப்பார்கள். புதிது வாங்கி அதுவும் செத்திருக்கும். இன்றைக்கு அத்தனை போன்களும் ஒன்றாக அமைதியாகியிருக்கின்றன. எங்கோ ஒரு அறையில் ஒருவர் ஒரு பூச்சியத்தை அழித்து வேறொரு எண்ணைப் போட்டிருக்கிறார். அந்த வீடுகளில் ஒருவருக்கும் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. நாட்டை விட்டு வந்த நாளிலிருந்து இந்த நகரத்தில் நான் தொட்டது எதுவும் என் வீட்டுக் கதவுக்கு வெளியே போனதாக நான் நினைத்ததில்லை.

விட்பிக்காரர் எழுதிய அறிக்கையில் என் பெயர் இருக்கவில்லை. யாருடைய பெயரும் இருக்கவில்லை. ஆனால் நான் கோடு போட்ட கொப்பிப் பக்கத்தை அப்படியே பிரதி எடுத்து அதோடு இணைத்திருந்தார். ஒரு மூலையில் எண்ணெய்ப் பொட்டும் இருந்தது.

அதற்குப் பிறகு பற்றறி அறைக்கு வேறொருவரை எடுத்தார்கள். என்னை வெளிவேலைக்கு மாற்றினார் விட்பிக்காரர். அந்த இலையுதிர் காலம் முழுக்க அவருடைய காரில், போன்களும் கருவியும் ஒரு சின்ன ரேடியோவும் வைத்துக்கொண்டு, ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கமெல்லாம் திரிந்தோம். ஒரு பாடசாலை மைதானத்துக்குள்ளால் போகும் கோட்டைக் கண்டுபிடித்தோம். ஒரு ஆஸ்பத்திரியின் கார் தரிப்பிடத்தில் இன்னொன்று.

ஒருநாள் ஒரு கோபுரத்துக்கு நேர் கீழே காரை நிறுத்தி என்னை ஒரு அழைப்பு எடுக்கச் சொன்னார். கருவியில் கோடு உயரமாக எழுந்தது. பிறகு படிப்படியாக இறங்கியது. கோபுரம் உன் போனோடு பேசுகிறது என்றார். கேட்கிறது, இன்னும் மெல்லப் பேசு, இன்னும் மெல்லப் பேசு என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பவருக்கு எவ்வளவு போதுமோ அதற்கு மேல் ஒரு துளி மின்சாரமும் போகக் கூடாது. மேலே அண்ணாந்து பார்த்தேன். கம்பிகளும் நீளப் பெட்டிகளும் கொண்ட ஒரு சாம்பல் நிறத் தூண். சத்தமே இல்லாமல், எத்தனை பேருக்கு அது இப்படிச் சொல்லிக்கொண்டு நிற்கிறதோ.

பிறகு அன்று பின்னேரமே விட்பிக்குப் போனோம். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டு வரிசைகள் முடிந்து, அறுவடையான சோளவயல் தொடங்கும் இடம். மழை விட்டு நல்ல குளிர். அந்தப் பக்கத்தில் கோபுரம் நெடுந்தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இங்கேயிருந்தும் யாருக்காவது ஒரு அழைப்பு எடு, ஐந்து நிமிடம் கதை, அளக்க வேண்டும் என்றார். எனக்கு யாருக்கு எடுப்பதென்று தெரியவில்லை. வீட்டுக்கு எடுத்தேன். கணவர் அப்போதுதான் எழும்பியிருந்தார். எங்கே நிற்கிறீர் என்று கேட்டார். விட்பியில் ஒரு வயலுக்குள் என்றேன்.

"குளிருதோ?"

"ஓம். போன் மட்டும் சுடுது."

"ஏன் சுடுது?"

"கோபுரம் தூரத்திலை. உங்களுக்குக் கேக்கோணும் எண்டு கத்துது."

அந்தப் பக்கத்தில் அவர் கேத்தலைப் போட்டிருந்தார். அது கொதிக்கும் சத்தம், பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல, தெளிவாகக் கேட்டது.

"வடிவாக் கேக்குது" என்றார். "நீர் மெல்லவே கதையும்."

என் கன்னத்தில் போனின் சூடு ஏறிக்கொண்டிருந்தது. விட்பிக்காரர் காருக்குள்ளிருந்து இன்னும் இரண்டு நிமிடம் என்று விரலால் காட்டினார். நான் வயல் ஓரமாக நடந்து, கணவர் அன்றைக்கு என்ன சமைக்கப்போகிறார் என்று கேட்டேன்.